ஒருங்கிணைந்த பெருக்கியும் தனிப் பெருக்கிகளும்

ஒருங்கிணைந்த பெருக்கி என்பது முன்பெருக்கி, திறன் பெருக்கி ஆகிய இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்ட ஒலிக்கருவி ஆகும். இவ்விரண்டும் தனித்தனிப் பெட்டிகளில் அமைந்திருப்பின் அவை தனிப் பெருக்கிகள் எனப்படும். வீட்டு ஸ்டீரியோவை மேம்படுத்த விரும்புவோர் இவற்றுள் எதைத் தெரிவு செய்வது என்னும் கேள்வியைப் பெரும்பாலும் எதிர்கொள்கின்றனர். தமிழில் ஒலிபெருக்கி என்னும் சொல் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஆகிய இரண்டுக்கும் வழங்கி வருவதால் குழப்பம் நேர்வதுண்டு. இக்கட்டுரையில் பெருக்கி என்பது ஆம்ப்ளிஃபயரை மட்டுமே குறிக்கும். மற்றது ஸ்பீக்கர் என்றே எழுதப்படுகிறது.

பிரிப்பதற்கான காரணம்

முன்பெருக்கியின் பணி, வரும் பல குறிகைகளுள் ஒன்றைத் தெரிவு செய்து, அதன் அளவைக் கட்டுப்படுத்தி அனுப்புவதாகும். இசைத்தட்டு இயக்கியின் மிகச் சிறிய குறிகையை உயர்த்துவதும் பெரும்பாலும் இதன் வேலையே. திறன் பெருக்கி அக்குறிகையை மேலும் உயர்த்தி, 4 முதல் 8 ஓம் வரையிலான ஸ்பீக்கரை இயக்கத் தேவையான மின்னோட்டத்தை வழங்குகிறது.

இவ்விரண்டு வேலைகளும் அளவில் பெரிதும் வேறுபட்டவை. காந்தம் அசையும் வகை இசைத்தட்டு ஊசி தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் திறன் வழங்கும் பெருக்கியின் வெளியீடோ 20 வோல்ட். அதாவது ஒரே பெட்டிக்குள் குறிகை 4000 மடங்கு பெருக்கப்படுகிறது. அதே பெட்டியில்தான் பெரிய மின்மாற்றியும் உள்ளது. அதன் காந்தப்புலம் தொடக்கச் சுற்றில் சிறிதளவு புகுந்தாலும் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்சு முரலலாகக் கேட்கும். தனிப் பெட்டிகளுக்கான வலுவான பொறியியல் காரணம் இதுவே. வெப்பமும் ஒரு காரணமாகும்.

ஆயினும் 1982இல் குறுந்தகடு இயக்கி சந்தைக்கு வந்தபின் இக்காரணம் வலுவிழந்தது. குறுந்தகடு இயக்கியின் வெளியீடு ஏறத்தாழ 2 வோல்ட். அதிலிருந்து 20 வோல்ட்டை எட்டப் 10 மடங்கு பெருக்கமே போதும். இசைத்தட்டு பயன்படுத்தாத ஒருவர் முரலலைத் தவிர்க்கவே தனிப் பெருக்கி வாங்குவதாகக் கூறினால், அவர் தம்மிடம் இல்லாத நோய்க்கு மருந்து வாங்குகிறார் எனலாம்.

பிரித்தானிய எடுத்துக்காட்டுகள்

இரு முறைகளின் வளர்ச்சியையும் பிரித்தானிய நிறுவனங்களின் கருவிகளில் தெளிவாகக் காணலாம். பீட்டர் வாக்கர் நிறுவிய குவாட் நிறுவனம் 1953இல் குவாட் 2 என்னும் வால்வு திறன் பெருக்கியை வெளியிட்டது. அதன் திறன் 15 வாட். வால்வுகளும் மின்மாற்றிகளும் கனமானவை, சூடாகக் கூடியவை. எனவே அவை மர அலமாரியின் அடியில் வைக்கப்பட்டன. கைக்கு எட்டும் இடத்தில் சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் பொருத்தப்பட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் திறன் பெருக்கியிடமிருந்தே பெற்றது. அக்காலத்தில் பிரித்தல் என்பது இடவசதியைப் பொறுத்ததாகவும் இருந்தது.

திரிதடையங்கள் வந்தபின் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடக்குவது எளிதாயிற்று. எனினும் குவாட் 1967இல் 33 என்னும் முன்பெருக்கியையும், 45 வாட் திறனுள்ள 303 என்னும் திறன் பெருக்கியையும் தனித்தனியாகவே வெளியிட்டது.

ஜூலியன் வெரேக்கர் சால்சுபரி நகரில் தொடங்கிய நெய்ம் நிறுவனம் இக்கொள்கையை இன்னும் நீட்டியது. அதன் முன்பெருக்கிகளுக்குச் சொந்த மின்வழங்கி இருக்கவில்லை. சில திறன் பெருக்கிகளிலிருந்தோ தனி மின்வழங்கிப் பெட்டியிலிருந்தோ மின்சாரம் பெற்றன. இரண்டு பெட்டிகள் இவ்வாறு மூன்றாயின. அதே நிறுவனம் 1983இல் நைட் என்னும் குறைந்த வாட் கொண்ட ஒருங்கிணைந்த பெருக்கியையும் வெளியிட்டது கவனிக்கத்தக்கது.

1978இல் வெளிவந்த என்.ஏ.டி. 3020 இத்தெரிவுக்கு ஓர் இடைவழியைக் காட்டியது. எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த இக்கருவியின் திறன் 20 வாட், விலையும் குறைவு. அதன் பின்புறத்தில் முன்பெருக்கியின் வெளியீடும் திறன் பெருக்கியின் உள்ளீடும் தனித்தனியே வெளிக்கொணரப்பட்டு, சிறு உலோக இணைப்புத் துண்டுகளால் இணைக்கப்பட்டிருந்தன. அத்துண்டுகளைக் கழற்றினால் உள்ளிருக்கும் முன்பெருக்கியை வேறொரு திறன் பெருக்கியுடன் இணைக்கலாம். இன்றும் ஒருங்கிணைந்த பெருக்கி வாங்குவோர் முன்பெருக்கி வெளியீடு உள்ளதா எனப் பார்த்து வாங்குவது நல்லது. இதனால் பழைய கருவியை விற்காமலேயே பின்னாளில் திறனைக் கூட்ட முடியும்.

திறன் பற்றிய தவறான எண்ணம்

50 வாட் கருவியிலிருந்து 100 வாட் கருவிக்கு மாறினால் ஒலி இருமடங்காகும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. திறன் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபல் உயர்வு மட்டுமே. காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது 10 மடங்கு திறன் தேவை. 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரை வாங்கினால், பெருக்கியை மாற்றாமலேயே அதே 3 டெசிபல் கிடைத்துவிடும்.

திறன் உண்மையிலேயே போதாத நிலைகளும் உண்டு. பெருக்கி தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். உயர் அதிர்வெண் ஸ்பீக்கர் எரிந்துபோகவும் கூடும். பெரிய அறை, உணர்திறன் குறைந்த ஸ்பீக்கர், சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கும் மின்மறுப்பு ஆகியவை சேர்ந்திருந்தால் வலிய தனித் திறன் பெருக்கி பயன் தரும்.

எல்லைக்குள் இயங்கும் நல்ல பெருக்கிகளுக்கிடையே உள்ள வேறுபாடு விளம்பரங்கள் கூறுமளவு பெரிதன்று. 1978இல் ஜேம்ஸ் மோயர் நடத்தி வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியான மறைமுகக் கேட்புச் சோதனையில், வால்வுகளால் ஆன குவாட் 2, திரிதடையங்களால் ஆன 303, 405 ஆகியவற்றைக் கேட்டவர்களால் நம்பத்தகுந்த முறையில் வேறுபடுத்த இயலவில்லை.

செலவும் இணைப்பும்

தனிப் பெருக்கிகளுக்கு இரு உலோகப் பெட்டிகள், இரு மின்வழங்கிகள், இடையே ஒரு வடம் ஆகியவை தேவை. இவற்றுக்கான செலவு ஒலிச்சுற்றுக்குப் போவதில்லை. ஆகவே ஒரே தொகைக்கு வாங்கினால், குறைந்த விலை நிலைகளில் ஒருங்கிணைந்த பெருக்கியே பெரும்பாலும் நல்ல பேரம்.

பொருத்தமும் பார்க்கப்பட வேண்டும். திறன் பெருக்கியின் உள்ளீட்டு மின்மறுப்பு, முன்பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பைப் போல் 10 மடங்காவது இருத்தல் வழக்கம். மொத்தப் பெருக்கம் மிகையானால் ஒலியளவுக் குமிழைச் சற்றே திருப்பினாலும் ஒலி அதிகமாகி, நுண்ணிய கட்டுப்பாடு கிட்டாது. இரு கருவிகளும் தனித்தனியே புவி இணைப்புப் பெற்றிருந்தால், வடத்தின் வழியே ஒரு வளையம் உருவாகி முரலல் தோன்றலாம். எந்த முரலலைத் தவிர்க்கப் பெட்டிகள் பிரிக்கப்பட்டனவோ, அது இவ்வாறு வேறு வழியில் திரும்பி வருவதுண்டு! ஒருங்கிணைந்த கருவியில் இவற்றை வடிவமைப்பாளரே முன்கூட்டித் தீர்த்திருப்பார்.

அண்மைக்கால நிலை

டி வகுப்புப் பெருக்கிகள் மிகக் குறைந்த வெப்பத்துடன் 100 வாட்டுக்கு மேலும் தரவல்லவை. ஆதலால் வெப்பத்தின் பொருட்டுப் பிரிக்கும் தேவையும் குறைந்துள்ளது. மறுபுறம், இக்கால ஒருங்கிணைந்த பெருக்கிகள் பலவற்றில் இலக்கமுறை மாற்றியும் இணையவழி இசை பெறும் வசதியும் சேர்க்கப்படுகின்றன. மென்பொருள் ஆதரவு நின்றால் அப்பகுதி சில ஆண்டுகளில் பயனற்றுப்போகலாம். திறன் பெருக்கியோ பல பத்தாண்டுகள் உழைக்கக் கூடியது. இவ்வகையில் திறன் பெருக்கியை வைத்துக்கொண்டு முன்பகுதியை மட்டும் மாற்றும் வாய்ப்பு, தனிப் பெருக்கிகளுக்குப் புதிதாகக் கிடைத்துள்ள ஒரு நியாயம் ஆகும். எல்லாம் அடங்கிய ஒரே பெட்டி பழுதுபார்க்கச் சென்றால், அது திரும்பும்வரை வீட்டில் இசை இராது.