வாயிலில் ஒரு வினா: கத்தோலிக்கப் பங்கில் புதியோரை ஏற்கும் தமிழ்ச்சொற்கள்

1. முன்னுரை

ஒரு சமயச் சமூகம் புதியவரை ஏற்கும்போது அவருக்கு முதலில் அளிப்பது சொல்லே. அச்சொல் அவரை உள்ளே அழைக்கலாம். வாயிலிலேயே நிறுத்திவிடவும் கூடும். தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபையில் 16ஆம் நூற்றாண்டு முதல் இச்சொற்கள் மாறிவந்த முறையை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

2. கடற்கரை

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களின் நடுப்பகுதியில் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றனர். எனினும் அச்சமயத்தை அவர்களுக்குத் தமிழில் விளக்குவோர் மிக அரியர். 1542இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார், இருமொழி அறிந்தோர் துணையுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனனம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான என்றிக்கே என்றிக்கசின் 16 பக்க நூல், கடவுளைத் 'தம்பிரான்' என்று நாட்டு வழக்கால் சுட்டியது. ஆயின் 1580இல் வந்த அவருடைய பாவ அறிக்கை நூல் போர்ச்சுக்கீசியப் பெயரையே தாங்கியது. போர்ச்சுக்கீசியரைப் பாதுகாவலராகக் கொண்டிருந்த கடற்கரையில் இக்கடன்சொற்கள் பெரும் இடராகவில்லை.

3. மதுரை

போர்ச்சுக்கீசிய ஆட்சி எட்டாத மதுரையில் நிலை வேறு. அங்குப் 'பறங்கி' என்பது ஊன், மது, தூய்மையின்மை ஆகியவற்றோடு பிணைந்த இழிசொல். சமயத்தில் சேர முன்வந்தவரிடமோ, 'பறங்கிக் குலத்தில் புக விருப்பமா' என்னும் பொருள்பட வினவப்பட்டது. கிறித்தவத்தை ஏற்பது பற்றிய வினா, மொழிபெயர்ப்பில் குலத்தை இழப்பது பற்றிய வினாவாகத் திரிந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி இத்திரிபைக் கடுமையாக எதிர்த்தார். 'சர்வேசுரன்', 'ஞானஸ்நானம்', 'குரு' முதலிய சொற்கள் வேரூன்றியதில் அவர் எழுத்துகளுக்குப் பெரும் பங்குண்டு. குடுமியும் பூணூலும் தொடரலாம் எனத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623இல் இசைவளித்தார்.

இவ்வரவேற்புக்கு ஒரு விலையும் இருந்தது. குலம் இழக்க வேண்டா என்ற உறுதிமொழி, குலவேறுபாட்டையும் கோயிலுக்குள் கொணர்ந்தது. ஒடுக்கப்பட்டோரிடையே பணியாற்ற 1640 முதல் பண்டாரசாமிகள் எனத் தனிப்பிரிவினர் தோன்றினர். வடக்கன்குளம் கோயிலில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வீழ்ந்தது. வாயிலைத் திறந்த சொல்லால் உள்ளிருந்த சுவரை அகற்ற இயலவில்லை.

4. வேதியர்

புதியவரை முதலில் சந்தித்தவர் பெரும்பாலும் குருவானவர் அல்லர். ஊரில் வாழ்ந்த உபதேசியாரே. அவர்தம் நடத்தைக்கு வழிகாட்ட வீரமாமுனிவர் 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். கற்பிப்பவரின் ஒழுக்கமும் கற்பித்தலின் பகுதியே என்னும் கருத்து இவ்வுரைநடை நூலுக்கு அடிப்படையாகும்.

5. சங்கத்திற்குப் பின்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வயதுவந்தோரைப் படிப்படியாக ஏற்கும் பழைய முறையை மீட்குமாறு பணித்தது. அதற்கான சடங்குமுறை 1972இல் வெளியாயிற்று. அதன்படி புதியவரைக் கோயில் வாயிலில் எதிர்கொண்டு அவர் நாடுவது யாதென வினவி, நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு உள்ளே அழைத்துச் செல்வர். பொறுப்பாளர் ஒருவர் அவருக்குத் துணைநிற்பார். ஏற்பது குரு ஒருவரின் செயலன்று, சமூகம் முழுவதன் கடமை என்பது இம்முறையின் உட்கருத்து.

வழிபாடு தமிழாக்கம் பெற்றபின் 'ஞானஸ்நானம்' திருமுழுக்காகவும் 'பூசை' திருப்பலியாகவும் மாறின. முதியோர் பேச்சில் பழஞ்சொற்கள் இன்றும் வாழ்கின்றன. ஆகவே ஒரே பங்கில் சேரும் புதியவர் இருவகை வழக்கையும் கற்க நேர்கிறது. 'பங்கு' என்னும் சொல்லோ ஆட்சி எல்லையைச் சுட்டுவதோடு, உரிமைக்கூறு என்னும் பொதுப்பொருளையும் தாங்கி நிற்கிறது.

6. முடிவுரை

மதுரையில் நேர்ந்த திரிபு சொல்லறிவுக் குறையால் மட்டும் விளைந்ததன்று. கேட்பவர் செவியில் அச்சொல் எப்பொருள் தரும் என்பதை எண்ணாமையால் விளைந்தது. சமயச் சொற்களை மொழிபெயர்ப்போர், அவற்றை உள்ளிருப்போர் வழக்கோடு மட்டும் ஒப்பிடாது, வாயிலுக்கு வெளியே நிற்பவர் செவியிலும் சோதித்தறிதல் வேண்டும்.