மினஸ்ட்ரோனி: பல தேசத்துக் காய்கள் கூடிய பானை

பீன்ஸ், உருளைக்கிழங்கு, கேரட், பாஸ்தா எல்லாம் தக்காளிச் சாற்றில் மிதக்கும் மினஸ்ட்ரோனி சூப்பை ஹோட்டல் மெனுவில் பார்த்திருப்பீர்கள். இத்தாலியின் ஆதிகாலத்துச் சாப்பாடு என்றே தோன்றும். ஆனால் தக்காளியும் உருளைக்கிழங்கும் 600 ஆண்டுகளுக்கு முன் இத்தாலிய மண்ணையே கண்டதில்லை!

பண்டைய ரோமானியர்களுக்கு அன்றாட உணவு, ஃபார்ரோ என்ற பழைய கோதுமை வகையில் காய்ச்சிய கஞ்சி. கொண்டைக்கடலை, வெங்காயம், பூண்டு, கோஸ் என்று கைக்குக் கிடைத்தது அதில் சேரும். மினஸ்ட்ரோனிக்கு மூதாதை அந்தக் கஞ்சிதான்.

1492-ல் ஜெனோவாக்காரர் கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்த பிறகு, புதிய விதைகள் கப்பலேறின. பீன்ஸை வரவேற்றவர் போப் ஏழாம் கிளமென்ட். 1530 வாக்கில் அவர் தந்த விதைகளை பியேரியோ வலேரியானோ என்ற அறிஞர் ஆல்ப்ஸ் அடிவாரத்து பெல்லுனோவில் விதைத்தார். பழகிய தட்டைப்பயறின் சாயல் இருந்ததால் மக்கள் அதைத் தயங்காமல் உண்டார்கள். தக்காளிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1548-லேயே பீசாவில் ஆட்சியிலிருந்த மெடிசி குடும்பத்துக்கு ஒரு கூடை தக்காளி வந்தும், நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் தக்காளிச் சாஸ் அச்சேற 1690-கள் ஆயின. அதுவும் 'ஸ்பானிய பாணி' என்ற பெயரில்!

ஊருக்கு ஊர் சூப் மாறியது. ஜெனோவா துறைமுகத்தில் படகிலேயே அடுப்பு மூட்டி, கப்பல் கப்பலாகப் போய் மாலுமிகளுக்குச் சுடச்சுட விற்றார்கள். அந்த ஊர் வழக்கப்படி இறக்கும்போது பேசில் இலைத் துவையலான பெஸ்டோவில் ஒரு கரண்டி கலப்பார்கள். மிலானில் பாஸ்தாவுக்குப் பதில் அரிசி. கோடையில் ஆறவைத்தே பரிமாறுவார்கள்.

1855-ல் லிவோர்னோவில் மினஸ்ட்ரோனி சாப்பிட்ட பெல்லெக்ரினோ அர்த்தூசிக்கு இரவெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. பழியைச் சூப்பின் மேல் போட்டுவிட்டு ஃபிளாரன்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பிறகுதான் தெரிந்தது: ஊரில் காலரா, அவருக்கு அறை கொடுத்த டொமெனிச்சி அதற்கே பலியாகியிருந்தார். 1891-ல் சொந்தச் செலவில் வெளியிட்ட சமையல் நூலில் அர்த்தூசி இந்தக் கதையைச் சொல்லியே செய்முறையைத் தந்தார். இத்தாலிய வீடுகளெங்கும் அந்த நூல் பரவ, சூப்பும் கூடவே போனது.

பிழைப்புத் தேடி லட்சக்கணக்கான இத்தாலியர் நியூயார்க்குக்கும் பியூனஸ் அயர்ஸுக்கும் கப்பலேறியபோது, பீன்ஸும் தக்காளியும் இத்தாலியச் சமையலாகத் தாய்க் கண்டத்துக்கே திரும்பின. அமெரிக்க நிறுவனங்கள் அதைப் பார்த்து மினஸ்ட்ரோனியைத் தகர டப்பாவில் அடைத்து விற்றன.

வீட்டில் செய்யும்போது வெங்காயம், கேரட், செலரியை ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்குங்கள். பிறகு தக்காளி, மற்ற காய்கள், ஊறவைத்து முக்கால் பதம் வேகவைத்த பீன்ஸ், பாஸ்தா கடைசியில். தூக்கியெறியும் பார்மசான் சீஸின் கெட்டித் தோலை ஒரு துண்டு சேர்த்துக் கொதிக்கவிட்டால் சாற்றுக்குத் தனி ருசி ஏறும். அசல் செய்முறை எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். யார் வந்தாலும் இடம் கொடுத்ததால்தான் இந்த சூப் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது; இன்று உங்கள் சந்தையில் எது இளசோ, அதற்கும் இதில் இடமுண்டு.