செம்பு நகரத்துக் கதையும் நாம் பெயர் மறந்த கிதாபும்



புத்தளம், கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலைப் பக்கம் எழுபதைத் தாண்டிய உம்மம்மாமாரிடம் சின்ன வயதில் கேட்ட கதை எது என்று கேட்டுப் பாருங்கள். சிலர் ஒரு கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார்கள். பாலைவனத்துக்கு அப்பால் செம்பினால் ஆன நகரம். மதில் உண்டு, வாசலைக் காணோம். உள்ளே போனால் எல்லோரும் இருந்த இருப்பிலேயே மௌத்தாகிக் கிடக்கிறார்கள். கட்டிலில் ஒரு ராணி, கண் மட்டும் உயிரோடு பார்ப்பது போல. சுலைமான் நபி செம்புச் சாடிகளில் அடைத்து முத்திரை வைத்த ஜின்களும் கதையில் வரும். “யாரோ ஒரு கிதாபைப் பார்த்து வாசிப்பார்கள்” என்பார்கள். கிதாபின் பெயரைக் கேட்டால் தெரியாது.

அந்தக் கிதாபு எது? தேடிப் பார்ப்போம்.

பழைய முஸ்லிம் கதை என்றதும் பலர் சொல்வது ‘அசன்பே சரித்திரம்’. கண்டி அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்டது, இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுவது. ஆனால் அது எகிப்தில் களவு போன ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகும் கதை. தமிழ் எழுத்தில் அச்சானது. நம் மூத்தவர்கள் சொல்லும் அடையாளம் வேறு. கிதாபை வலப்பக்கமாகத் திறப்பார்கள். வாசித்தவருக்குத் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கத் தெரியாது. ஆனால் கிதாபை வாசித்தால் கேட்டவர்களுக்குத் தமிழாகவே விளங்கும்.

அப்படியானால் அது அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். ப, ட, ண, ள, ங, ஞ போன்ற ஒலிகள் அரபியில் இல்லை. அதற்காக இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் புதிய எழுத்துகளை உண்டாக்கினார்கள். பாடசாலை வாசலை மிதிக்காத பெண்கள்கூடக் குர்ஆன் ஓதப் படித்திருந்தார்கள். அந்த ஓதலே அவர்களுக்கு வாசிப்பின் கதவானது. மார்க்கச் சட்டம், மாலை, கதை என்று எல்லாம் அந்த எழுத்தில் கல்லச்சில் வந்தன.

அரபுத்தமிழில் நம் கதைக்குப் பொருந்தும் கிதாபு ஒன்று உண்டு: ‘மதீனத்துன் நுஹாஸ்’. நுஹாஸ் என்றால் செம்பு, மதீனா என்றால் நகரம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் சாஹிப் அவர்கள், அதாவது இமாமுல் அரூஸ் (1816–1898), பாரசீகத்திலிருந்து 1858இல் தமிழாக்கியது. இலங்கைக்கும் வந்து போன பெரியவர் அவர். முதல் தமிழ் நாவல் எனப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சானது 1879இல். மொழிபெயர்ப்பு என்பதால் மதீனத்துன் நுஹாஸை அந்த இடத்தில் வைக்கலாமா என்று வாதிடலாம். ஆனால் அதற்கு 21 வருடம் முன்பே தமிழ் உரைநடையில் ஒரு நெடுங்கதை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

கதை அதைவிடப் பழையது. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுதியிலும் இருக்கிறது. கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கட்டளைப்படி, அந்தச் சாடிகளைத் தேடி மூஸா இப்னு நுஸைர் புறப்படுகிறார். வழியில் அந்த நகரம். ராணியின் கண்களில் இருந்தது பாதரசம். அவளுடைய நகைக்குக் கை நீட்டியவன் தலையை இழக்கிறான். துன்யாவின் ஆசை எங்கே கொண்டு போய் விடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடக் கதை வேண்டுமா?

பாரசீகம் நம் கரைக்குப் புதிதல்ல. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ நம் புத்தளம்தான் என்பது பொதுவான கருத்து. அங்கே தன்னை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்று அவர் எழுதியிருக்கிறார்.

பிறகு ஏன் பெயரை மறந்தோம்? மறதியைக் குறை சொல்ல வேண்டாம். எழுத்து போய்விட்டது. பிள்ளைகள் பாடசாலையில் தமிழ் எழுத்துப் படித்தார்கள், அது நல்லதே. ஆனால் உம்மம்மாவின் கிதாபை வாசிக்க வீட்டில் ஆள் இல்லாமல் போனது. அட்டையும் முதல் தாளும் கிழிந்தால் பெயரும் போயிற்று. அரபு எழுத்தைக் கண்டதும் கிழிந்த முஸ்ஹபு என்று நினைத்து, மரியாதையோடு துணியில் சுற்றிப் புதைத்தோம், கடலில் விட்டோம். அதில் எத்தனை கதைப் புத்தகம் போயிருக்கும்!

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு நம்மிடம் வந்த உறவுகளை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணி நேரம். மன்னாரிலிருந்து தோணிகளில் கற்பிட்டியில் வந்திறங்கினார்கள். பிள்ளையைத் தூக்குவார்களா, கிதாபைத் தூக்குவார்களா? அவர்கள் வீட்டுக் கிதாபுகளில் பல இன்று அவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன.

நம்மால் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அரபுத்தமிழ்க் கிதாபுகளில் உயிர்க்குறிகள் போட்டிருக்கும். குர்ஆன் ஓதும் பிள்ளைக்குப் புள்ளி கூடிய அந்தச் சில எழுத்துகளை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும், எழுத்துக் கூட்டி வாசித்துவிடும். பிள்ளைக்கு அந்தப் பழைய தமிழ் விளங்காமல் போகலாம். பக்கத்தில் உம்மம்மாவை உட்கார வையுங்கள். நாலு வரி கேட்டதும், “இதுதான், இதேதான்” என்பார். பெயர் இல்லாத கிதாபை அடையாளம் காண எந்தப் பட்டியலையும்விட இந்த இருவரும் உதவுவார்கள்.

பழைய பெட்டியில், பள்ளிவாசல் அலுமாரியில் அரபு எழுத்தில் எது இருந்தாலும் புதைப்பதற்கு முன் உலமாக்களிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். கடைசிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள், ஹிஜ்ரி வருடமும் அச்சகத்தின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 2005 முதல் இணையத்தில் நூல்களைச் சேர்த்து வரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

கரையான் அரித்தாலும், உப்புக் காற்றில் தாள் உதிர்ந்தாலும், படம் இருந்தால் கிதாபு மிஞ்சும். ஆனால் கேட்டவுடன் “இதுதான்” என்று சொல்லும் மூத்தவர்களைப் படமெடுத்து வைக்க முடியாது. அவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம். அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆயுளையும் ஆஃபியத்தையும் தருவானாக.

வஸ்ஸலாம்.