ஓகே, நாட் ஓகே

காலை ஏழு மணிக்கு அந்த மெயில் வரும். தலைப்பிலேயே விஷயம் முடிஞ்சிடும்: ஃபெயில்டு 0. நான் முதன்முதலாக வேலை பார்த்த இடத்தில், பஸ் டிக்கெட் புக்கிங் ஏபிஐகளை ராத்திரியில் தானாகச் சோதித்து விடியும்போது ரிப்போர்ட் அனுப்ப ஒரு ஏற்பாடு இருந்தது. பதினாலு பேருக்குப் போகும். யாராவது ஒருத்தர் கட்டைவிரல் எமோஜி போடுவார். பல நாள் அந்த ஒருத்தர் நான்தான்.

கேன்சல் பண்ணின டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வரலைன்னு புகார்கள் குவிய ஆரம்பிச்ச பிறகுதான் மெயிலைத் திறந்து உள்ளே பார்த்தோம். வழக்கமாக முந்நூற்றுச் சொச்சம் சரிபார்ப்புகள் ஓடும். கடைசி ஒன்பது நாளாக ஓடியது மூன்றே மூன்று. மூன்றும் பாஸ். ஆக, தலைப்பில் பொய்யே இல்லை.

அந்த வெட்கத்தில்தான் டெஸ்ட் ரிப்போர்ட் என்கிற இந்தச் சாதாரணப் பொருளின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஏபிஐ என்றால் ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் கேள்வி கேட்கிற ஜன்னல், அவ்வளவுதான். உங்கள் போனில் இருக்கிற ஆப், "இந்த பஸ்ஸில் ஜன்னல் சீட் இருக்கா?" என்று எங்கேயோ இருக்கிற சர்வரிடம் கேட்கும். மனுஷன் பார்க்கிற திரை எதுவும் அங்கே கிடையாது. அதனால் அது கெட்டுப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது. ரிப்போர்ட்தான் கண்.

1987 டிசம்பரில் லாரி வால் பெர்ல் மொழியின் முதல் பதிப்பை வெளியிட்டார். மொழியியல் படித்தவர் அவர். அந்தப் பதிப்போடு வந்த சோதனைகள், ரிசல்ட்டை இப்படி எழுதின: ஓகே 1. ஓகே 2. ஏதாவது தவறினால், நாட் ஓகே 3. குழந்தைக்கும் புரியும், மெஷினுக்கும் புரியும். ஆனால் எனக்குப் பிடித்தது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற முதல் வரி: 1..4. "நான் நாலு சோதனை செய்யப் போறேன்" என்று முன்கூட்டியே கொடுக்கிற வாக்கு. நடுவில் புரோகிராம் செத்து விழுந்து, இரண்டு ஓகேயோடு வாய் மூடிக்கொண்டால், படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், மீதி இரண்டு எங்கே என்று. நம்ம ஸ்கூல் கரும்பலகை மூலையில் பதிவு 42, வருகை 39 என்று எழுதுவோமே, அதே புத்தி. வருகை மட்டும் எழுதினால் யார் வரலைன்னு எப்படித் தெரியும்? பின்னாளில் இந்த வடிவத்துக்கு டேப் என்று பெயர் வந்தது. டெஸ்ட் எனிதிங் புரோட்டோகால் என்பதன் சுருக்கம்.

இதே காலத்தின் இன்னொரு கோடியில் கென்ட் பெக் இருந்தார். 1990களில் ஸ்மால்டாக் மொழிக்கு எஸ்யூனிட் என்ற சோதனைக் கருவியை எழுதியவர். 1997இல் அட்லாண்டாவில் நடந்த ஊப்ஸ்லா மாநாட்டுக்கு ஸூரிச்சிலிருந்து எரிக் காமாவோடு விமானத்தில் போகும்போது, இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதே யோசனையை ஜாவாவில் எழுதினார்கள். அதுதான் ஜேயூனிட். (நீண்ட விமானப் பயணத்தில் நான் படம்தான் பார்ப்பேன்.) ஜேயூனிட்டின் முகம் ஒரு நீளப் பட்டை. எல்லாம் சரியென்றால் பச்சை. ஒன்று தவறினாலும் முழுப் பட்டையும் சிவப்பு. தொண்ணூறு சதவீதம் பச்சை என்ற பேச்சே கிடையாது.

பெக் செய்த இன்னொரு காரியம் வெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. தோல்வியை இரண்டாகப் பிரித்தார்: ஃபெயிலியர், எரர். நூறு ரூபாய் திரும்பி வரணும், தொண்ணூறு வந்தது என்றால் ஃபெயிலியர். நாம் எதிர்பார்த்துக் காத்திருந்த தவறு அது. கேள்வி கேட்கவே முடியவில்லை, சர்வர் கதவையே திறக்கவில்லை என்றால் எரர். முதலாவது தப்பான பதில். இரண்டாவதில் பதிலே இல்லை. ஜேயூனிட்டின் நாலாவது பதிப்பு இந்த வித்தியாசத்தைக் கைவிட்டது. ஆனால் ஆன்ட் என்ற கருவி ஜேயூனிட் ரிசல்ட்டை எழுதிவைத்த எக்ஸ்எம்எல் வடிவத்தில் இரண்டும் தனித்தனியாகவே தங்கிவிட்டன. அந்த எக்ஸ்எம்எல்லை எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து தரநிலையாக்கவில்லை. எல்லாரும் எழுதினார்கள், அதனால் எல்லாரும் படித்தார்கள். இன்றைக்கு ஜாவாவுக்குச் சம்பந்தமே இல்லாத கருவிகளும் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் என்றுதான் ரிப்போர்ட் கொடுக்கின்றன.

அதைப் படித்து ஊருக்குச் சொன்னது ஹட்சன். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கோசுகே கவாகுச்சி எழுதியது. 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறியது. அதில் அப்போது வெற்றிக்கு அடையாளம் நீலப் பந்தாக இருந்தது. உலகமே பச்சை என்கிறபோது ஏன் நீலம்? ஜப்பானில் சிக்னலில் எரிகிற பச்சை விளக்கை "ஆவோ" என்பார்கள், அதாவது நீலம். கவாகுச்சிக்கு அது இயல்பு. மற்றவர்கள் பொறுக்கமாட்டாமல் பந்தைப் பச்சையாக்க ஒரு பிளகின்னே எழுதினார்கள். நாம் மட்டும் என்ன, மஞ்சளாக மின்னுகிற பொன்னைப் பசும்பொன் என்கிறவர்கள்தானே.

நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு மஞ்சளும் இருந்தது: மென்பொருள் உருவாகிவிட்டது, ஆனால் சில சோதனைகள் தேறவில்லை. பக்கத்தில் ஒரு வானிலைப் படம் வேறு. கடைசி ஐந்து ஓட்டங்களைப் பார்த்து வெயில், மேகம், இடி என்று காட்டும். நேற்றைய ரிசல்ட் ஒரு செய்தி. ஐந்து நாள் ரிசல்ட் ஒரு பருவம். ரிப்போர்ட்டை வரலாறாகப் படிக்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சின்னப் படம்தான். 2004இல் மைக் கிளார்க் எழுதிய ஒரு புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபீஸில் பச்சையும் சிவப்புமாக லாவா விளக்கு வைக்கச் சொன்னது. லாவா விளக்கு சூடேறிக் குமிழ் விட நேரமாகும். அதற்குள் சரிபண்ணிவிட்டால் தப்பிக்கலாம்.

ஆனால் சிவப்பே தினமும் எரிந்தால்? 2016இல் கூகுள் தன் சோதனைகளைப் பற்றி ஒரு கணக்கை வெளியிட்டது. பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறின நிகழ்வுகளில் சுமார் 84 சதவீதத்தில், ஒருதரம் தேறி ஒருதரம் தவறுகிற நிலையற்ற டெஸ்ட் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் சிவப்பைப் பார்க்கிறவர் என்ன செய்வார்? "இன்னொருவாட்டி ஓட்டிப் பாரு" என்பார்.

படிக்கப்படாத மெயிலின் விலை என்ன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிடல் என்ற நிறுவனம். புதிய கோடை எட்டு சர்வர்களில் போடவேண்டும், ஒன்றில் விட்டுப்போனது. அந்த ஒன்றில், பல வருஷமாகப் பயன்படாத பழைய பகுதி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. 2005இல் அதைச் சுற்றியிருந்த கோடை இடம் மாற்றிய பிறகு யாரும் மறுபடி சோதித்துப் பார்க்கவில்லை. சந்தை திறக்கிறது காலை ஒன்பதரைக்கு. அதற்கு முன்பே, எட்டு மணியிலிருந்து, அந்தப் பழைய பகுதியின் பெயரையே சொல்லி 97 மெயில்கள் தானாகக் கிளம்பி ஒரு குழுவுக்குப் போயின. அவற்றை எச்சரிக்கை என்று யாரும் வடிவமைக்கவில்லை, அதனால் யாரும் எச்சரிக்கையாகப் படிக்கவுமில்லை. சந்தை திறந்த 45 நிமிஷத்தில் அந்தப் பழைய கோடு வாங்கித் தள்ளியதும் விற்றுத் தள்ளியதும் சேர்ந்து, கடைசியில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 2013இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட உத்தரவில் அந்த 97 என்ற எண் இருக்கிறது. அதைப் படித்தபோது என் பதினாலு பேர் பட்டியல் ஞாபகம் வந்தது.

எங்கள் கதை போஸ்ட்மேனில் நடந்தது. 2012இல் அபினவ் அஸ்தானா குரோம் பிரவுசருக்கான சின்ன எக்ஸ்டென்ஷனாக எழுதி, பிறகு பெங்களூரில் நிறுவனமாக வளர்ந்த கருவி. அதன் சோதனைகளைத் திரையில்லாமல் ஓட்டுவது நியூமேன். ஓடி முடிந்ததும் ஒரு அட்டவணை போடும்: இத்தனை ஓடின, இத்தனை தவறின. தவறு இல்லையென்றால் 0 என்ற எண்ணோடு வெளியேறும். யூனிக்ஸ் வழக்கப்படி 0 என்றால் சுபம். எத்தனை ஓடியிருக்க வேண்டும் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

எங்கள் முதல் சோதனை லாகின். பதில் 200 என்று வருதா என்று மட்டும் பார்த்தது. ஒருநாள் சர்வர் 200 என்று சொல்லிக்கொண்டே உள்ளே "பயனர் கணக்கு முடக்கப்பட்டது" என்று எழுதி அனுப்பியது. டோக்கன் இல்லை. டோக்கன் இல்லாவிட்டால் மேலே போகாமல் நிறுத்திவிடு என்று முன்பு யாரோ நல்லெண்ணத்தில் எழுதிவைத்திருந்தோம். நின்றது. சத்தமில்லாமல், பச்சையாக. பணம் திரும்பித் தருகிற ஏபிஐ அந்த வாரம்தான் உடைந்தது.

பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். மெயில் பதினாலு பேருக்குப் போவதை நிறுத்தினோம். வாரத்துக்கு ஒருத்தர், அவர் பெயரிலேயே போகும், அவர் பதில் எழுதணும். கூடவே, ரிப்போர்ட்டில் டோக்கனும் பாஸ்வேர்டும் அப்படியே அச்சாகியிருந்ததையும் அப்போதுதான் கவனித்து மறைத்தோம். பதினாலு பேர் இன்பாக்ஸிலும் மாசக்கணக்காகச் சாவி கிடந்திருக்கிறது.

இரண்டாவது மாற்றம் ஒரே வரி. ஓட்டத்துக்கு முன்னால், இன்றைக்கு எத்தனை என்று எழுதிவைத்தோம்: 318. 1987இன் முதல் வரிதான்.

மூணாவது வாரம் மெயில் சிவப்பாக வந்தது. ஃபெயில்டு 0. எதிர்பார்த்தது 318, ஓடியது 317. அந்த வாரம் என் முறை. எந்த டெஸ்ட்டை யார் எடுத்தாங்கன்னு கேட்டு, குரூப்பில் மெசேஜ் டைப் பண்ண ஆரம்பித்தேன்.