லயத்து அடுப்புக்கு ரொட்டி வந்த வழி

மலையக ஆட்கள் என்றாலே ரொட்டியும் சம்பலும்தான் என்று வெளியார் முடிவுகட்டிவிட்டார்கள். நம் பிள்ளைகளும் அதையே நம்புகிறார்கள். எட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். என் அம்மாயி சாகும்வரை ரொட்டியை ஒரு சாப்பாடு என்று ஒத்துக்கொண்டதில்லை. "பசிக்கு வாயில போட்டுக்கறது" என்பார். அவர் சமைந்து கல்யாணம் கட்டிய காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சாப்பாடு சோறுதான்.

திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்கு ஊரில் கம்பும் கேழ்வரகும் வாய்த்தாலே பெரிது. அரிசி கிடைக்கும் என்பதும் ஆள் திரட்டிய கங்காணி காட்டிய ஆசைகளில் ஒன்று. தோட்டத்தில் அரிசியைக் கொடுத்துவிட்டுக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி சம்பளத்தை நிர்ணயித்தபோது, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையையும் சேர்த்தே நிர்ணயித்தார்கள். அவ்வளவு நெருக்கமாகச் சம்பளமும் அரிசியும் பின்னிக் கிடந்தன. அந்த அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசி குறைந்த இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. அம்மாவுக்கு அப்போது ஏழெட்டு வயது. மாவை என்ன செய்வதென்றே முதலில் யாருக்கும் தெரியவில்லையாம். சிலர் கூழாகக் காய்ச்சினார்கள், சிலர் களியாகக் கிண்டிப் பார்த்தார்கள். பிசுபிசுவென்று தொண்டையில் ஒட்டியதாம்.

பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் குரக்கன் (கேழ்வரகு) மாவோடு தேங்காய் சேர்த்து ரொட்டி சுடும் பழக்கம் அதற்கு வெகுமுன்பே இருந்தது. எங்கள் சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியா மாதிரி ஒதுங்கி நிற்பவை அல்ல. ரப்பர் மலை இறங்கினால் கிராமத்து வயல். சந்தையில், ஆற்றில், கோயில் திருவிழாவில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தபடிதான் இருந்தார்கள். ரொட்டியின் கைப்பக்குவம் அங்கிருந்துதான் நம் லயத்துக்கு ஏறியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எங்கள் ரொட்டியில் தேங்காய் தாராளம். உயர்ந்த மலைத் தோட்டங்களில் தென்னை காய்க்காது, தேங்காய் காசு கொடுத்து வாங்க வேண்டிய பண்டம். அங்கே வெறும் மா ரொட்டி தடித்து, விறைத்துக் கிடக்கும்.

அம்மா செய்வதைச் சொல்கிறேன். முதலில் தண்ணீர் விடமாட்டார். துருவிய தேங்காய், உப்பு, அரிந்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாவற்றையும் உலர் மாவில் போட்டு விரல்களால் கசக்குவார். தேங்காயின் எண்ணெய் மாவில் இறங்கி, பிடித்தால் பிடிபட்டு விட்டால் உதிர வேண்டும். அதற்குப் பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீர், அதுவும் கைத் தெளிப்பாக. உருண்டையை வாழை இலைத் துண்டில் வைத்து விரல் கனத்துக்குத் தட்டிக் கல்லில் போடுவார். தீ அடங்கியிருக்க வேண்டும். ரப்பர் விறகு குபீரென்று பிடிக்கிற சாதி, அதை இழுத்து இழுத்து வைப்பது தனி வேலை. இரண்டு பக்கமும் புள்ளி விழுந்ததும் ரொட்டியை எடுத்து அடுப்பங்கல்லில் சாய்த்துத் தணலுக்குக் காட்டுவார். விளிம்பு வேகாத ரொட்டி வயிற்றில் கல்லாக நிற்கும் என்பது அவர் கணக்கு. தொட்டுக்கொள்ள, செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் இடித்த கட்டச்சம்பல்.

யுத்தம் முடிந்து அரிசி திரும்பி வந்த பிறகும் ரொட்டி ஏன் போகவில்லை? வேலை நேரத்தில் இருக்கிறது பதில். ரப்பர் பால் வெட்டு விடியுமுன் தொடங்குகிறது, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். நாலு மணிக்கு எழும்பும் பெண்ணுக்குச் சோறும் கறியும் ஆக்கி இறக்க எங்கே நேரம்? ரொட்டிக்குக் கறி வேண்டாம். துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டால், வெட்டி முடித்துப் பால் சேர்க்கும்வரை மலையில் இருந்தபடியே பசியாறலாம். காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் பிந்தினால் வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடும் இடத்தில், அடுப்பில் மிச்சப்படும் அரை மணி நேரம் ஒரு நாள் சம்பளம்.

   

1952இல் இலங்கையும் சீனாவும் ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தன. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் எங்கள் ஆட்கள் வெட்டிய பால் சீனாவுக்குப் போய் அரிசியாகத் திரும்பியது. ஆனால் அடுத்த ஆண்டே கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு நின்றது. எங்கள் பகுதி மக்கள் தலைவராகக் கொண்டாடிய என்.எம். பெரேரா அப்போது எதிர்க்கட்சி எம்.பி. 1970களின் உணவுப் பஞ்சத்தில் அவரே நிதி அமைச்சர். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

ஏனென்றால் அந்தப் பஞ்சத்தை நான் பார்த்தேன். 1973, 74. உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியது, அந்நியச் செலாவணி இல்லை, மா பங்கீடு சுருங்கியது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவும் கட்டுப்பாடு. கிராமத்தவருக்கு வயலோ தோட்டமோ, கொஞ்சமாவது மண் இருந்தது. லயத்துக்கு வாசல்கூடச் சொந்தமில்லை. கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்று வெறும் பையோடு திரும்பிய பெண்களின் முகம் எனக்குத் தெரியும். மரவள்ளி, காட்டுக்கீரை, பலாக்கொட்டை. தோட்டங்களில் சாவு கூடியது, குழந்தைகள் முதலில் போயின. முப்பது ஆண்டுகளில் அரசாங்கமே பழக்கிவிட்ட உணவை அரசாங்கமே நிறுத்தியபோது, வேறு வழி இல்லாதிருந்தவர்கள் தோட்ட மக்கள்தான். மலையக வரலாற்றை எழுதுகிறவர்கள் குடியுரிமைச் சட்டத்துக்கும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறார்கள். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் அதே இடம் வேண்டும்.

1980இல் திருகோணமலையில் பிரீமா ஆலை வந்தபின் மா தாராளமானது. ரொட்டி முழுதாக நிலைத்தது.

2022இல் மறுபடி மா எட்டாமல் போனது. ஜனவரியில் தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ மா, கிலோ 80 ரூபாவுக்கு என்று அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டு கடையில் கிலோ 300 ரூபாவைத் தாண்டியது. அப்போது நாள் சம்பளம் 1,000 ரூபா. ஐந்து பேர் உள்ள வீட்டில் காலைக்கும் இரவுக்கும் ரொட்டி என்றால் என்ன மிஞ்சும்? ரொட்டியைக் குறையுங்கள், சீனி வியாதி வரும், இரத்தம் குறையும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். சரிதான். அதற்குப் பதிலாக எதை நடுவது, எங்கே நடுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுத் திட்டத்தில் தந்த 7 பேர்ச்சஸ் நிலத்தில் வீடு போக மிஞ்சும் மண்ணில் என் தங்கச்சி மரவள்ளியும் நாலு முருங்கையும் வைத்திருக்கிறாள். குரக்கன் போட இடம் கேட்டுத் தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.