எடையிலிருந்து கோளத்தின் அளவு

ஒரு கோளத்தின் நிறையும் அது எந்தப் பொருளால் ஆனது என்பதும் தெரிந்தால், அளவுகோல் வைக்காமலே அதன் ஆரத்தைக் கண்டுவிடலாம். பள்ளியில் படிக்கும் கன அளவுச் சூத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். நிறையை அடர்த்தியால் வகுத்தால் கன அளவு. அதை 3 ஆல் பெருக்கி, 4 பையால் வகுத்து, கனமூலம் எடுத்தால் ஆரம். 100 கிலோ இளவட்டக்கல் ஒன்று சரியான உருண்டை என்றும், கருங்கல்லின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம் என்றும் கொண்டால், ஆரம் 20.7 செ.மீ. வரும்.

வானியலில் இந்தக் கணக்கு பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடும்: அளவை அளந்து, பொருள் எது என்று காண்பார்கள். துணைக்கோளின் நிறையை அதன் ஈர்ப்பே காட்டிக்கொடுத்துவிடும்; எளிதில் பிடிபடாதது அளவுதான். பூமியின் காற்று அலைக்கழிப்பதால் வியாழனின் நிலவுகள் தொலைநோக்கியில் விளிம்பு துலங்காத சிறு வட்டுகளாகவே தெரியும்.

அளவை வேறு வழியில் காண ஒரு வாய்ப்பு அமைந்தது: 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கனிமீடு, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி அந்த ஆண்டுதான் வந்திறங்கியிருந்தது. அங்கிருந்தும் ஜாவாவின் லெம்பாங்கிலிருந்தும் இந்த மறைப்பைப் பதிவு செய்தனர். விண்மீன் மறைந்திருந்த நேரத்தை, அதன் ஒளியில் விழும் கனிமீடின் நிழல் நகரும் வேகத்தால் பெருக்கினால் வட்டத்தின் ஒரு நாண் கிடைக்கும். இரண்டு இடங்கள், இரண்டு நாண்கள். அவற்றிலிருந்து விட்டம் சுமார் 5,270 கி.மீ. என்று தேறியது.

இனிச் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம். கனிமீடின் நிறை ஏறத்தாழ 1,482 கோடி கோடி டன்னுக்கு ஆயிரம் மடங்கு, அதாவது 1.482 × 10²³ கிலோ. அது முழுக்கப் பனிக்கட்டியாக, அடர்த்தி 1 ஆக இருந்தால் விட்டம் சுமார் 6,570 கி.மீ. வரவேண்டும், அடர்த்தி 3 உள்ள பாறையானால் 4,550. அளந்தது இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. பனியும் பாறையும் கலந்த உடல் அது. சராசரி அடர்த்தி 1.94.

விட்டத்தில் 1 சதவீதம் தவறினால் அடர்த்தி 3 சதவீதம் விலகும். நிறையில் 3 சதவீதம் தவறினாலோ ஆரம் 1 சதவீதம்தான் மாறும். கனமூலத்தின் தயவு அது.

அதே பதிவிலிருந்து கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென்றும் அறிவித்தார்கள். 1979இல் வாயேஜர் 1 விண்கலம், அவர்கள் சொன்ன அளவுக்கு வளிமண்டலம் அங்கில்லை என்று காட்டியது. விட்டம் மட்டும் நிலைத்தது: இன்றைய மதிப்பு 5,268 கி.மீ.