உச்ச மதிப்பும் நிலைத்த மதிப்பும்: ஈயமற்ற அழுத்தமின் பீங்கான்களில் சேர்க்கைப் பொருள்களின் பங்கு

அல்ட்ராசவுண்டு கருவியிலிருந்து டீசல் எஞ்சினின் எரிபொருள் தெளிப்பான் வரை, அழுத்தமின் உறுப்பு என்றாலே பெரும்பாலும் ஈய சிர்க்கோனேட் டைட்டனேட்தான். அதன் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஈயம். 2006 ஜூலை முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியம், பீங்கான் உறுப்புகளுக்கு விலக்கு அளித்தது. ஈடான மாற்று கைக்கு எட்டவில்லை என்பதே காரணம். அந்த மாற்றைத் தேடும் ஆய்வுகள் பலவும், ஒரு நியூட்டன் விசைக்கு எத்தனை பிகோகூலும் மின்னூட்டம் கிடைக்கிறது எனக் காட்டும் டி33 மாறிலியை அறை வெப்பநிலையில் அளந்து, அதையே வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்கின்றன. இந்த அளவுகோல் போதாது. ஒரு சேர்க்கைப் பொருளின் தகுதியை அது எட்டும் உச்ச எண்ணைக் கொண்டு அல்ல, அந்த எண் எவ்வளவு வெப்ப இடைவெளிக்குத் தாங்குகிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

பொட்டாசியம் சோடியம் நியோபேட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் சுட்டெடுத்தால் அதன் டி33 ஏறத்தாழ 80. முனைவாக்கம் மறையும் கியூரி வெப்பநிலை 420 டிகிரி செல்சியசை ஒட்டியது. சுமார் 200 டிகிரியில் அதன் படிக அமைப்பு செஞ்சாய்சதுரத்திலிருந்து நாற்கோணத்துக்கு மாறுகிறது. 2004இல் சைட்டோவும் குழுவினரும் லித்தியம், டாண்டலம், ஆண்டிமனி ஆகியவற்றைச் சேர்த்து இந்த மாற்றத்தை அறை வெப்பநிலைக்கு அருகே இறக்கினர். டி33 ஏறக்குறைய 300 ஆனது. படிகத் துகள்களை ஒரே திசையில் அடுக்கியதும் 416ஐத் தொட்டது. இந்த மாற்றம் நிகழும் எல்லையில் இரு அமைப்புகளின் ஆற்றலும் கிட்டத்தட்ட சமம் என்பதால் முனைவாக்கம் எளிதில் திசை திரும்புகிறது. உயர்வுக்குக் காரணம் அதுவே. ஈயப் பீங்கானில் இத்தகைய எல்லையைத் தீர்மானிப்பது வேதி இயைபு. வெப்பநிலை ஏறினாலும் அது பெரிதாக நகர்வதில்லை. நியோபேட்டிலோ எல்லை வெப்பநிலையோடு பிணைந்தது. சில பத்து டிகிரி விலகினாலே ஆதாயம் கரையத் தொடங்குகிறது. கியூரி வெப்பநிலையும் 253 டிகிரிக்கு இறங்கிவிட்டது.

இதே கணக்கு மற்ற குடும்பங்களிலும் தொடர்கிறது. பேரியம் டைட்டனேட்டில் கால்சியத்தையும் சிர்க்கோனியத்தையும் சேர்த்து 2009இல் லியூவும் ரென்னும் 620 என்ற மதிப்பை எட்டினர். ஆனால் அதன் கியூரி வெப்பநிலை 100 டிகிரியைக்கூடத் தொடவில்லை. பிஸ்மத் சோடியம் டைட்டனேட்–பேரியம் டைட்டனேட் கலவையில் சிறிதளவு நியோபேட்டைச் சேர்த்தால் வலுவான மின்புலத்தில் 0.45 விழுக்காடு திரிபு கிடைக்கிறது. ஆனால் புலத்தை எடுத்ததும் நிலைத்த முனைவாக்கத்தின் பெரும்பகுதி மறைகிறது. டி33 மிகவும் தாழ்ந்துவிடுகிறது. சேர்க்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

உச்ச எண்ணைத் துரத்தாத சேர்க்கைகள் தருவது வேறு வகை ஆதாயம். நியோபேட்டின் மூலப்பொருளான கார்பனேட்டுகள் ஈரத்தை உறிஞ்சுவதால் நிறுக்கும்போதே இயைபு பிசகும். 1100 டிகிரியை ஒட்டிச் சுடும்போது காரஉலோகங்கள் ஆவியாகி மேலும் பிசகும். சிறிதளவு தாமிர ஆக்ஸைடு சேர்த்தால் துகள்களுக்கிடையே திரவம் உருவாகி, குறைந்த வெப்பத்திலேயே பீங்கான் இறுகுகிறது. ஐந்து மின்சுமை கொண்ட நியோபியத்தின் இடத்தில் இரண்டு மட்டுமே கொண்ட தாமிரம் அமர, அதை ஈடுசெய்ய ஆக்ஸிஜன் காலியிடங்கள் பிறக்கின்றன. தாமிரமும் காலியிடங்களும் இணைந்து டொமைன் சுவர்களின் அசைவைக் கட்டுப்படுத்துகின்றன. டி33 அவ்வளவாக உயர்வதில்லை; ஆனால் இயந்திரத் தரக்காரணி ஆயிரத்தைத் தாண்டுகிறது, வெப்பமாக வீணாகும் ஆற்றல் குறைகிறது. 2013இல் கால்சியம் சிர்க்கோனேட் சேர்த்த நியோபேட் கலவையொன்றின் திரிபு 175 டிகிரி வரை பெரிதும் மாறாமல் நின்றது. பிஸ்மத் கலவையில் துத்தநாக ஆக்ஸைடு துகள்களைக் கலந்தபோது முனைவாக்கம் அழியும் வெப்பநிலை உயர்ந்ததை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.

அறை வெப்பநிலையில் மட்டும் இயங்கும் கருவிக்கு வெப்பத் தாங்குதிறன் எதற்கு என்று கேட்கலாம். ஈயமற்ற பற்றாசு உருகுவதே 217 டிகிரியை ஒட்டித்தான். பழைய ஈயப் பற்றாசுக்கு 183 டிகிரி போதும். லியூ–ரென் கலவையைப் போல 93 டிகிரியில் முனைவாக்கத்தை இழக்கும் பீங்கான் பற்றவைப்பிலேயே செயலிழக்கும். பொருத்தியபின் மீண்டும் முனைவாக்கலாம் என்றால், மில்லிமீட்டருக்குச் சில கிலோவோல்ட்டைத் தாங்கக்கூடிய சுற்று தேவைப்படும். மேலும் அதிக ஆற்றலில் இயங்கும் அதிர்வி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். 416 என்ற சாதனை துகள் அடுக்கினால் வந்ததே, சேர்க்கையால் அல்ல என்ற வாதத்துக்கும் எண்களே விடை: 80இலிருந்து 300 வரையிலான உயர்வு அடுக்குக்கு முன்பே கிடைத்தது. நியோபியச் சுரங்கங்களும் சூழலைக் கெடுக்கின்றன என்ற மூன்றாவது எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. 2016இல் வெளியான வாழ்க்கைச் சுழற்சி ஆய்வு ஒன்று, நியோபியம் ஆக்ஸைடு உற்பத்தியின் சூழல் சுமையைக் குறிப்பாகச் சுட்டியது. ஆண்டிமனியும் தீங்கற்ற தனிமம் அல்ல. ஆனால் இது ஈயத்தைத் தொடர்வதற்கான காரணமல்ல. எந்தத் தனிமத்தை, எந்த அளவில் சேர்க்கிறோம் என்பதையும் கணக்கில் கொள்வதற்கான காரணம்.

ஆகவே, புதிய சேர்க்கையை முன்வைக்கும் ஆய்வுகள் அறை வெப்பநிலை டி33உடன் அதன் வெப்ப வளைவு, தரக்காரணி, மின்கசிவு, ஒரே கலவையைத் திரும்பத் திரும்பச் செய்தபோது மதிப்புகள் காட்டிய சிதறல் ஆகியவற்றையும் தர வேண்டும். இவை இல்லாத சாதனை எண்ணை ஈயப் பீங்கானுக்கு மாற்றாக எண்ணுவதற்கில்லை.